பிள்ளையோடு ஆஸ்திரேலியா: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். அதனால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வர நினைக்கும் சொந்தக்காரர்கள், தோழிகள், தோழிகளின் தோழிகள் எல்லோருக்கும் வாட்ஸப்பில் கேட்கக் கிடைத்த ஆள் நான்தான். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். திரும்பத் திரும்பத் தட்டுவதற்குப் பதிலாக, கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு இங்கே பதில் எழுதிவிட்டேன். அம்மாவோ அப்பாவோ ஒருவர் மட்டும், ஒரு பிள்ளையோடு, இரண்டு மூன்று வாரம் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். விசா பற்றிச் சொல்லியிருப்பது இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு.

ரெண்டு வாரத்துல ஆஸ்திரேலியாவை முழுசா சுத்திடலாமா அக்கா?

முடியாது. இந்த நாடு கிட்டத்தட்ட 77 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சிட்னியிலிருந்து பெர்த்துக்கு விமானத்திலேயே ஐந்து மணி நேரம்; சென்னையிலிருந்து சிங்கப்பூர் போவதைவிட அதிகம். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் சாலை வழியாக 880 கிலோமீட்டர். ஒன்பது மணி நேரம் என்று போன் சொல்லும். பிள்ளைக்கு ஒன்றுக்கு, பசி, வாந்தி என்று நிறுத்தும் நேரம் அதில் சேராது.

என் கணக்கு இதுதான்: இரண்டு வாரம் என்றால் இரண்டு ஊர், மூன்று வாரம் என்றால் மூன்று. ஒவ்வோர் ஊரிலும் ஒரே அறையில் தங்கி, அங்கிருந்து போய்ப் போய் வரலாம். சிட்னியும் கெய்ன்ஸும், அல்லது மெல்போர்னும் சிட்னியும், அல்லது பிரிஸ்பேனும் சிட்னியும் நல்ல ஜோடிகள். பெர்த் வர ஆசை என்றால் பெர்த்துக்கு மட்டும் வாருங்கள். பெட்டி கட்டுவதும் விமான நிலையத்தில் காத்திருப்பதும் பெரியவர்களுக்கே சலிப்பு. தனி ஆளாக ஒரு பிள்ளையையும் இழுத்துக்கொண்டு நாலு ஊர் தாவினால், திரும்பிப் போய் ஓய்வெடுக்க இன்னொரு லீவு வேண்டியிருக்கும்.

எந்த மாசம் வந்தா நல்லது?

இங்கே பருவம் தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர். ஆனால் ஒரே நாட்டில் இரண்டு விதமான வானிலை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கெய்ன்ஸ், டார்வின் போன்ற வடக்குப் பகுதிகள் வெப்ப மண்டலம். அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம், மே முதல் அக்டோபர் வரை வறண்ட, இதமான காலம். மெல்போர்னில் ஜூலையில் ஸ்வெட்டர் மேல் ஜாக்கெட் போடும்போது கெய்ன்ஸில் அரைக்கால் சட்டையில் திரியலாம்.

நம் ஊர்ப் பள்ளிகளின் முழு ஆண்டு விடுமுறைக்கு மே மாதம் ரொம்பப் பொருத்தம். தெற்கில் இலையுதிர் காலம், வெயிலும் குளிரும் மிதம். ஏப்ரலில் இங்கேயும் பள்ளி விடுமுறை வருவதால் அறை வாடகை ஏறியிருக்கும். அரையாண்டு விடுமுறையில் வந்தால் கிறிஸ்துமஸ் கூட்டம், ஆண்டின் உச்சக் கட்டணம், கூடவே சில நாள் 40 டிகிரி. சிட்னிப் புத்தாண்டு வாணவேடிக்கையைப் பார்த்தே தீருவோம் என்றால் வாருங்கள். ஆனால் நல்ல இடம் பிடிக்க மத்தியானத்திலிருந்தே உட்கார வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை பத்து மணி நேரம் உட்காருமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

குழந்தைக்கும் தனி விசா வேணுமா? என் விசாவுலயே சேர்த்துக்க முடியாதா?

கைக்குழந்தையாக இருந்தாலும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். சுற்றுலாவுக்கு 600 வகை விசா. ஆஸ்திரேலிய உள்துறையின் இணையதளத்தில் ‘இம்மி அக்கவுண்ட்’ என்ற கணக்குத் தொடங்கி விண்ணப்பிக்கலாம். ஏறத்தாழ 200 ஆஸ்திரேலிய டாலர். பெரும்பாலும் ஜூலை 1ஆம் தேதி கட்டணம் மாறும். பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் எதுவும் ஒட்டமாட்டார்கள். விசா பாஸ்போர்ட் எண்ணோடு கணினியில் இணைந்திருக்கும். விசா வந்த பிறகு பிள்ளையின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் புது எண்ணைத் தெரிவிக்க மறக்காதீர்கள்.

சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு வேலை இல்லை. போன் செயலியிலேயே ‘இடிஏ’ என்ற மின்னணு அனுமதியை எடுக்கலாம், சேவைக் கட்டணம் 20 டாலர். அதையும் பிள்ளைக்குத் தனியாக எடுக்க வேண்டும்.

அவர் வரலை, நானும் பையனும் மட்டும்தான். அவர்கிட்ட ஏதாவது எழுதி வாங்கணுமா?

கட்டாயம். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு விசா கொடுக்க, கூட வராத பெற்றோரின் சம்மதம் கேட்பார்கள். அதற்கென்றே படிவம் 1229 இருக்கிறது. அவர் கையெழுத்திட்டு, தன் அடையாள ஆவணத்தின் நகலையும் வைக்க வேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். அது தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு சேருங்கள்.

விசா வந்துவிட்டதே என்று அந்தக் காகிதங்களை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். நோட்டரி கையெழுத்தோடு ஒரு சம்மதக் கடிதம், பிறப்புச் சான்றிதழ் நகல், அவருடைய போன் எண், மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பிள்ளைக்கும் உங்களுக்கும் கடைசிப் பெயர் வேறு வேறாக இருப்பது நம்மிடையே சகஜம். வெளிநாட்டு அதிகாரிக்கு அது சகஜமில்லை.

அவ்வளவு நேரம் ஃபிளைட்ல குழந்தையை எப்படி சமாளிக்கிறது?

சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இறங்கி ஏறும் பயணமாகப் போடுங்கள். இரண்டாவது பறப்பு இரவில் இருக்கட்டும், பிள்ளை தூங்கும். இடையில் மூன்று நான்கு மணி நேரம் இருந்தால் ஓடி விளையாட நேரம் கிடைக்கும். ஒன்றரை மணி நேர இடைவெளி கையில் பிள்ளை இருப்பவர்களுக்குக் கஷ்டம். இறங்கும்போது காது வலிக்கும். சிறு குழந்தைக்குப் பால், பெரிய பிள்ளைக்கு மிட்டாயோ ஸ்டிராவில் தண்ணீரோ கொடுங்கள். மாற்று உடை பிள்ளைக்கு மட்டும் போதாது. வாந்தி எடுத்தால் அது உங்கள் மடியில்தான்.

நாலரை மணி நேர வித்தியாசம்தானே, ஜெட்லாக் எல்லாம் இருக்குமா?

இருக்கும், ஆனால் நீங்கள் நினைக்கும் விதத்தில் இல்லை. சிட்னியில் இரவு பத்து மணி என்றால் பிள்ளையின் உடம்புக்கு மாலை ஐந்தரை. அது தூங்காது. காலை எட்டு மணிக்கு எழுப்பினால் அதற்கு விடிகாலை மூன்றரை. கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவதால் வித்தியாசம் ஐந்தரை மணி. ஆகவே முதல் மூன்று நாளைக்குக் காலை ஏழு மணிப் பேருந்து, படகு எதையும் முன்பதிவு செய்யாதீர்கள். பத்தரைக்குக் கிளம்பி ஒரு பூங்காவுக்குப் போய் வெயிலில் ஓடவிடுங்கள். மூன்றாம் நாள் தானாகச் சரியாகும்.

ஊறுகாய், பொடி, முறுக்கு எல்லாம் எடுத்துட்டு வரலாமா? பிடிச்சுட்டா ஜெயில்னு சொல்றாங்களே?

ஜெயில் இல்லை. ஆனால் விளையாட்டும் இல்லை. இது பயிருக்கும் கால்நடைக்கும் வெளிநோய் வராமல் ரொம்பவே கவனமாக இருக்கும் நாடு. விமானத்தில் ஓர் அட்டை தருவார்கள். உணவு, விதை, மரப்பொருள், மண் ஒட்டிய செருப்பு இருக்கிறதா என்று அதில் கேட்டிருக்கும். சாப்பிடும் பொருள் எது இருந்தாலும் ‘ஆம்’ என்று போடுங்கள். சொல்லிவிட்டால் அதிகபட்சம் என்ன நடக்கும்? அதிகாரி பையைத் திறந்து பார்த்து, ஆகாததை எடுத்துக் குப்பையில் போடுவார். அவ்வளவுதான். சொல்லாமல் பிடிபட்டால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம், விசாவே ரத்தாகவும் கூடும்.

கறிவேப்பிலை, பழம், காய், முளைக்கக்கூடிய விதை ஆகியவற்றைக் கொண்டுவரவே வேண்டாம். பால்கோவா, பேடா போன்ற பால் இனிப்பையும் விடுங்கள். கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத, பெயர் ஒட்டிய பொடியும் முறுக்கும் பெரும்பாலும் பிரச்சினையில்லாமல் தாண்டும். பாட்டி செய்து பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் கொடுத்த பொடி என்றால் அதிகாரிக்கு அது என்னவென்றே தெரியாது, யோசிப்பார். கைக்குழந்தையின் பால்மாவையும் எழுதிவிடுங்கள். அப்புறம் ஒன்று: விமானத்தில் கொடுத்த ஆப்பிளைப் பிள்ளை பையில் போட்டு வைத்திருக்கும். இறங்குமுன் அந்தக் குட்டிப் பையைக் கவிழ்த்துப் பாருங்கள். மோப்ப நாய் கண்டுபிடிப்பது அதைத்தான்.

ஹோட்டலா, அபார்ட்மென்டா?

சமையலறை இருக்கும் இடம், கூடவே துணி துவைக்கும் இயந்திரம். ‘சர்வீஸ்டு அபார்ட்மென்ட்’ என்று தேடுங்கள். நகரத்துக்கு வெளியே ‘ஹாலிடே பார்க்’ என்ற இடங்களில் சின்னச் சின்ன மர வீடுகள் கிடைக்கும். நீச்சல் குளம், விளையாட்டிடம், தரையோடு தரையாகக் காற்றடைத்த பெரிய மெத்தை எல்லாம் இருக்கும். அந்த மெத்தையில் குதிக்க ஆரம்பித்த பிள்ளையை இறக்குவது உங்கள் சாமர்த்தியம். தனியாக வரும் அம்மாவுக்கு இந்த இடங்களில் இன்னொரு வசதி, மற்றப் பிள்ளைகள் இருப்பதால் உங்களுக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து காபி குடிக்கக் கிடைக்கும்.

நாங்க சைவம். குழந்தைக்கு சாப்பாடு கிடைக்குமா?

பெரிய நகரங்களில் கவலையே வேண்டாம். சிட்னியில் வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில், ஹோம்புஷ் பக்கம் வந்தால் இட்லி, தோசை, இடியாப்பம் எல்லாம் உண்டு. மேஸ் ஹில் முருகன் கோயிலும் பக்கம்தான். மெல்போர்னில் சன்ஷைன் முருகன் கோயில், காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் இருக்கின்றன. நெடுஞ்சாலைச் சிற்றூர்களில்தான் சிரமம். அங்கே உருளைக்கிழங்கு சிப்ஸும் சீஸ் டோஸ்ட்டும்தான் மிஞ்சும். முன்னேற்பாடாக ஒரு சின்ன ரைஸ் குக்கர் கொண்டுவருபவர்களைப் பார்த்து நான் சிரிப்பதில்லை. பிளக் அடாப்டர் மட்டும் வேறு, அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். வூல்வொர்த்ஸ் சூப்பர் மார்க்கெட்டுகள் பலவற்றில் பிள்ளைகளுக்கென்று இலவசப் பழக்கூடை வைத்திருப்பார்கள். கேட்க வேண்டாம், பிள்ளையே எடுத்துக்கொள்ளலாம். பெரிய பூங்காக்களில் பொத்தானை அமுக்கினால் சூடாகும் பொது அடுப்புத் தட்டு இருக்கும், அதுவும் இலவசம்; அதில் தோசை ஊற்றியவர்களை எனக்குத் தெரியும்.

கார் எடுத்து ஓட்டலாமா? குழந்தையை மடியில வெச்சுக்கலாமா?

ஓட்டலாம், இங்கேயும் இடது பக்கம்தான். நம் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச அனுமதியையும் எடுத்து வந்தால் வாடகைக் கடையில் பேச்சு குறையும். மடியில் வைப்பது மட்டும் சட்டப்படி நடக்காது. ஆறு மாதத்துக்குள் பின்னோக்கிய சீட். ஆறு மாதம் முதல் நான்கு வயதுவரை வார்ப்பட்டை உள்ள சீட், பின்னோக்கியோ முன்னோக்கியோ. நான்கு முதல் ஏழு வயதுவரை முன்னோக்கிய சீட் அல்லது பூஸ்டர். பின் இருக்கை உள்ள வண்டியில் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை முன்னால் உட்காரவே கூடாது. ஏழு வயது முடிந்தாலும் சாதா பெல்ட் கழுத்தில் உரசுகிறது என்றால் பூஸ்டரைத் தொடருங்கள்.

ஊரில் இருக்கும் சீட்டைத் தூக்கிவராதீர்கள். ஆஸ்திரேலிய-நியூசிலாந்து தரம் 1754 முத்திரை இல்லாத சீட்டை இங்கே பயன்படுத்த முடியாது. வாடகைக் காரோடு சீட்டையும் முன்பதிவு செய்யுங்கள். டாக்சிகளுக்குச் சில தளர்வுகள் உண்டு, அவை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் உபர் போன்ற வண்டிகளுக்கு அந்தத் தளர்வு கிடையாது. நள்ளிரவில் தூங்கும் பிள்ளையோடு இறங்கி, சீட் இல்லாத வண்டிக்காரர் ஏற்ற மறுத்தால் அவர்மேல் கோபப்படாதீர்கள்.

நகரத்துக்கு வெளியே பொழுது சாய்ந்தபின் ஓட்ட வேண்டாம். கங்காருக்கள் வெளியே வரும் நேரம் அது. அவை ஹாரனுக்கு ஒதுங்குவதில்லை.

கார் இல்லாம முடியுமா?

நகரங்களில் தாராளமாக. சிட்னியில் வங்கி அட்டையையே தட்டி ஏறலாம், ஆனால் அது பெரியவர் கட்டணம். 4 முதல் 15 வயதுப் பிள்ளைக்குத் தனியாக ‘சைல்டு ஓபல்’ அட்டை வாங்கினால்தான் குறைந்த கட்டணம். 4 வயதுக்குக் கீழ் இலவசம். விமான நிலைய ரயில் நிலையத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. மெல்போர்ன் மையப் பகுதியில் டிராம் எல்லோருக்கும் இலவசம். பிரிஸ்பேனும் கெய்ன்ஸும் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2024 ஆகஸ்டிலிருந்து பேருந்து, ரயில், படகு எல்லாம் ஒரு பயணத்துக்கு 50 சென்ட்தான் (விமான நிலைய ரயில் இதில் சேராது). பிரிஸ்பேன் ஆற்றுப் படகில் சில்லறைக் காசிலேயே ஒரு மாலைப் பொழுதைக் கழிக்கலாம்.

கடல்ல இறக்கலாமா? மெரினால விளையாடின பையன்தான்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் குரலை உயர்த்துவேன். சிவப்பு-மஞ்சள் கொடி இரண்டு நட்டிருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும்தான் குளிக்க வேண்டும். காவலர்கள் பார்த்துக்கொண்டிருப்பது அந்த இடத்தைத்தான். கொடி இல்லையென்றால் காவலும் இல்லை, நீங்களும் இறங்க வேண்டாம். அலை அடிக்காமல் அமைதியாக, சற்றுக் கருத்துத் தெரியும் இடத்தைப் பார்த்து ‘இங்கே பயமில்லை’ என்று பிள்ளையை இறக்குகிறார்கள். பல நேரம் அதுதான் தண்ணீர் கடலுக்குள் திரும்பி இழுக்கும் பாதை. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல் மிதந்து, கையை உயர்த்திக் காட்ட வேண்டும். கொடிக்கு நடுவிலும் பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், போனைப் பைக்குள் வையுங்கள்.

சின்னப் பிள்ளைக்குச் சிட்னியின் பாண்டாய் கடற்கரை தேவையில்லை, பெயர்தான் பெரிது. துறைமுகத்துக்குள் இருக்கும் பால்மோரல் கடற்கரையில் அலை குறைவு, வலையடித்த பகுதியும் உண்டு. மெல்போர்னில் விரிகுடாப் பக்கக் கடற்கரைகள் அப்படித்தான். பிரிஸ்பேன் சவுத் பேங்கிலும் கெய்ன்ஸ் எஸ்பிளனேடிலும் கட்டி வைத்த நீச்சல் இடங்கள் இருக்கின்றன, இலவசம். கெய்ன்ஸ் பக்கம் ஏறத்தாழ நவம்பர் முதல் மே வரை கொடிய ஜெல்லி மீன்கள் வரும் காலம். வலை கட்டிய இடத்தில், உடல் மூடும் நீச்சலுடையோடு மட்டும். வடக்கே ஆற்று முகத்துவாரங்களில் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் கால் நனைக்கக்கூட வேண்டாம். அந்தப் பலகை அலங்காரத்துக்கு வைத்ததல்ல.

நம்ம ஊர் வெயிலைப் பார்த்தவங்களுக்கு சன்ஸ்கிரீன் எதுக்கு?

சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. 24 டிகிரியில், மேகமூட்டத்தில், காற்று ஜில்லென்று வீசும்போதும் இங்கே தோல் பொசுங்கும். கறுத்த தோலுக்குப் பாதுகாப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். வானிலைச் செயலியில் ‘யுவி’ எண் 3 அல்லது அதற்கு மேல் என்றால் தொப்பி, முழுக்கை நீச்சலுடை, 50 பிளஸ் சன்ஸ்கிரீன். வெளியே போவதற்கு இருபது நிமிடம் முன் தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. தொப்பி போடாத பிள்ளையை இங்கே பள்ளி மைதானத்திலேயே விடமாட்டார்கள்.

பாம்பு, சிலந்தி எல்லாம் வீட்டுக்குள்ள வருமாமே?

இணையத்தில் பார்க்கும் அளவுக்கு இல்லை. சிட்னிப் பக்கத்து ஃபனல் வெப் சிலந்தி ஆபத்தானதுதான். ஆனால் 1981இல் எதிர்மருந்து வந்தபிறகு அதனால் உறுதி செய்யப்பட்ட ஒரு சாவும் இல்லை. வெளியே விட்ட ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள், புதருக்குள் கை விடவேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். பாம்போ ஃபனல் வெப்போ கடித்தால் கழுவாமல், கடித்த கை அல்லது கால் முழுவதும் இறுக்கிக் கட்டுப் போட்டு, அசைக்காமல் வைத்து 000க்குக் கூப்பிடுங்கள். கடலோடு ஒப்பிட்டால் இதற்கு நான் பத்தில் ஒரு பங்குகூடக் கவலைப்படுவதில்லை.

பொண்ணுக்கு கோலாவைத் தூக்கி போட்டோ எடுக்கணுமாம்.

நியூ சவுத் வேல்ஸிலும், மெல்போர்ன் இருக்கும் விக்டோரியாவிலும் தூக்க அனுமதியில்லை. குயின்ஸ்லாந்தில் சில இடங்களில் இன்னும் உண்டு. ஆனால் 1927இல் தொடங்கிய பிரிஸ்பேன் லோன் பைன் சரணாலயமே 2024இல் அதை நிறுத்திவிட்டது. பக்கத்தில் நின்று பார்ப்பதே போதும் என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிவாருங்கள். கோலா பெரும்பாலான நேரம் தூங்கும். கங்காருவுக்குக் கையால் தீனி கொடுக்கும் இடங்களில்தான் பிள்ளைகள் குதூகலமாக இருக்கின்றன. பெர்த் வந்தால் ராட்னெஸ்ட் தீவில் இருக்கும் குவோக்கா என்ற சின்ன விலங்கையும் விடாதீர்கள். தீவில் சுற்றுலாக்காரர் கார் கிடையாது, சைக்கிள்தான். குவோக்காவைத் தொடாமல் பார்க்க வேண்டும்.

காசு கம்மியா ஆகற மாதிரி ஏதாவது சொல்லுங்க.

உள்நாட்டு விமானத்தில் இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கும் பெரும்பாலும் பெரியவர் கட்டணமே. அதனால்தான் ஊர் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்கிறேன். கடைகளில் டிப்ஸ் கொடுக்கத் தேவையில்லை. சிட்னியின் ஆஸ்திரேலியன் மியூசியத்தில் பொது நுழைவு இலவசம். மெல்போர்ன் மியூசியத்தில் பிள்ளைகளுக்கு இலவசம். கேன்பராவில் போர் நினைவகமும் தேசிய அருங்காட்சியகமும் எல்லோருக்கும் இலவசம். சிட்னியில் துறைமுகப் படகுச் சவாரிக்கென்று தனி டிக்கெட் வாங்காமல், மேன்லிக்குப் போகும் சாதாரண ஃபெர்ரியில் ஏறுங்கள். ஓப்ரா ஹவுஸ், பாலம் இரண்டும் அதிலிருந்தே தெரியும். வலது பக்கம் வெளித்தளத்தில் நின்றால் ஓப்ரா ஹவுஸ் உங்களைத் தாண்டிப் போகும். துறைமுக வாயருகே படகு கொஞ்சம் ஆடும்போது பிள்ளைகள் கத்தும் கத்தலுக்குக் காசே கிடையாது.

மெல்போர்னில் புறநகர் ரயிலிலேயே பெல்கிரேவ் போய் பஃபிங் பில்லி நீராவி ரயிலில் ஏறுங்கள். 1900இல் ஓடத் தொடங்கிய ரயில். இது இலவசமில்லை, ஆனால் ரயில் பைத்தியம் பிடித்த பிள்ளைக்கு மற்ற எதையும் வெட்டிவிட்டு இதை வையுங்கள்.

பென்குயின், கிரேட் ஓஷன் ரோடு ரெண்டும் ஒரே நாள்ல முடியுமா?

இரண்டும் மெல்போர்னின் எதிரெதிர் திசை. பென்குயின்கள் ஃபிலிப் தீவில், 140 கிலோமீட்டர். சூரியன் மறைந்தபின் கடலிலிருந்து கூட்டங்கூட்டமாக ஏறி வரும், ஒவ்வொன்றும் ஒரு சாண் ஒன்றரைச் சாண் உயரம். பிள்ளைகள் வாயடைத்துப்போய்ப் பார்க்கும். படம் எடுக்க அனுமதியில்லை. டிசம்பரில் சூரியன் மறையவே ஏறத்தாழ எட்டே முக்கால். மெல்போர்ன் திரும்ப நள்ளிரவாகும். ஜூனில் ஐந்தரைக்குள் இருட்டிவிடும், ஆனால் விறைக்கும். கோடையில் வந்தால் தீவிலேயே ஓர் இரவு தங்கிவிடுங்கள்.

கிரேட் ஓஷன் ரோட்டில் இருக்கும் ட்வெல்வ் அபாஸல்ஸ் பாறைகளை ஒரே நாளில் பார்த்துத் திரும்புவது பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வண்டியில். வளைவுச் சாலை வேறு. எட்டு வயதுக்குக் கீழ் என்றால் நான் போகமாட்டேன்.

உலுரு போறது வொர்த்தா?

உலுரு நாட்டின் நடுப் பாலைவனத்தில் நிற்கும் பெரிய செம்பாறை. பத்து வயதுக்கு மேல், மே முதல் செப்டம்பருக்குள் என்றால் தயங்காமல் போங்கள். சிட்னியிலிருந்து மூன்றரை மணி நேர விமானம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இறங்கினால் இன்னும் 450 கிலோமீட்டர் சாலை, பலர் இரண்டும் ஒரே இடம் என்று நினைத்து டிக்கெட் போடுகிறார்கள். பூங்காவில் மூன்று நாளைக்குப் பெரியவருக்கு 38 டாலர், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். பாறை 348 மீட்டர் உயரம். அந்நிலத்தின் பூர்வகுடிகளான அனங்கு மக்களுக்கு அது புனிதம். 2019 அக்டோபர் 26 முதல் ஏற அனுமதியில்லை. சில பகுதிகளைப் படம் எடுக்கவேண்டாம் என்று பலகை கேட்டுக்கொள்ளும். அடிவாரம் முழுக்கச் சுற்ற 10.6 கிலோமீட்டர். பிள்ளையோடு இரண்டு கிலோமீட்டர் மாலா நடைபாதை போதும். முகத்துக்கு ஈ வலை வாங்குங்கள், கேலிக்குரியதாகத் தெரியும், அரை மணியில் எல்லோரும் போட்டிருப்பார்கள். கோடையில் 40 தாண்டும், வேண்டாம்.

அங்க வந்து குழந்தைக்கு ஜுரம் வந்துட்டா?

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எதற்கும் இந்நாட்டின் மெடிகேர் என்ற அரசு மருத்துவத் திட்டத்தோடு ஒப்பந்தம் இல்லை. அதனால் மருத்துவமனை, ஆம்புலன்ஸ் எல்லாம் முழுக் கட்டணம். பயணக் காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள். அவசரத்துக்கு 000, மொபைலிலிருந்து 112ம் வேலை செய்யும். உயிர்போகும் அவசரம் இல்லாவிட்டால் முதலில் ‘ஜிபி’ எனும் பொது மருத்துவர். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் 131 450, தமிழிலும் கிடைப்பார்கள்.

நம் ஊர் மருத்துவர் எழுதிய சீட்டுக்கு இங்கே மருந்துக்கடையில் மருந்து தரமாட்டார்கள், ஆன்டிபயாடிக் கேட்டவுடன் கிடைக்காது. ஆறு வயதுக்குக் கீழ் சளி, இருமல் சிரப்பும் தருவதில்லை. பிள்ளை வழக்கமாகச் சாப்பிடும் மருந்தை மூன்று மாத அளவுக்குள், அட்டைப்பெட்டி பிரிக்காமல், மருத்துவர் கடிதத்தோடு கொண்டுவந்து, வரும்போது அட்டையில் எழுதுங்கள்.

பையன் தூங்கிட்டு இருக்கான், கீழ கடைக்கு போயிட்டு வரலாமா? கார்ல விட்டுட்டு?

காரில் கூடவே கூடாது, ஜன்னல் இறக்கியிருந்தாலும். வழியில் போகிறவர் போலீசைக் கூப்பிடுவார். குயின்ஸ்லாந்தில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளையை நியாயமற்ற நேரம் தனியே விடுவது குற்றம் என்றே சட்டத்தில் இருக்கிறது. தனி ஆளாக வருபவர்கள் பாலும் ரொட்டியும் முந்தின மாலையே வாங்கி வைத்துவிடுங்கள்.

விவாகரத்து ஆயிடுச்சு. அவர் கையெழுத்து போட மாட்டார். நாங்க வரவே முடியாதா?

வரலாம். மேலே சொன்ன 1229க்குப் பதிலாக, பிள்ளையை வெளிநாடு கூட்டிப்போகும் முடிவை நீங்கள் மட்டுமே எடுக்கலாம் என்று காட்டும் நீதிமன்ற உத்தரவு வேண்டும். வெறும் விவாகரத்துத் தீர்ப்பில் அந்த வரி இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் வழக்கறிஞரிடம் சொல்லிப் பயணத்துக்கு நீதிமன்ற அனுமதி கேட்க வேண்டும், அதற்கு மாதங்கள் பிடிக்கும். மற்றவர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழ். தாத்தா பாட்டி மட்டும் கூட்டிவருவதென்றால் பெற்றோர் இருவர் சம்மதமும் வேண்டும்.

உள்நாட்டு ஃபிளைட்ல பழம் எடுத்துட்டு போலாம்ல? அதுவும் ஒரே நாடுதானே?

ஒரே நாடுதான், ஆனால் மேற்கு ஆஸ்திரேலியா, தெற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா மூன்றுக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு. பெர்த்தில் இறங்கும்போது கையில் ஆப்பிள் இருக்கக்கூடாது. விமான நிலையத்திலேயே தொட்டி வைத்திருப்பார்கள். நேரமும் அப்படித்தான். மூன்று மண்டலங்கள், கோடையில் சில மாநிலங்கள் மட்டும் கடிகாரத்தைத் தள்ளுவதால் ஐந்து. கோல்ட் கோஸ்ட் விமான நிலையத்து ஓடுபாதையே மாநில எல்லையைத் தாண்டும், கோடையில் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு மணி நேர வித்தியாசம். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை நம்புங்கள், உங்கள் போன் காட்டுவதை வைத்துக் கிளம்பாதீர்கள்.

பக்கத்துலதானே, நியூசிலாந்தையும் சேர்த்துக்கலாமா?

மூன்று மணி நேர விமானம், தனி விசா. முதல் கேள்விக்கான பதிலை மறுபடி படியுங்கள்.

அக்கா, உங்க வீட்டுலயே தங்கிக்கலாமா?

வாருங்கள். யார் வீட்டில் தங்கினாலும் அவர்களிடமிருந்து ஓர் அழைப்புக் கடிதம் வாங்கி விசா விண்ணப்பத்தோடு வையுங்கள், உதவும். ஆனால் எங்கள் வீடு துறைமுகத்திலிருந்து தூரம். தினமும் ரயிலில் போய்வந்தால் சின்னப் பிள்ளை களைத்துவிடும். அதனால் நகருக்குள் மூன்று நாள் அறை எடுத்துச் சுற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை எங்களிடம் வந்துவிடுங்கள். சனி, ஞாயிறு நானும் வீட்டில் இருப்பேன். எங்களிடம் பூஸ்டர் ஒன்று இருக்கிறது. நான்கு வயதுக்குக் குறைவான பிள்ளை என்றால் சீட்டுக்கு ஏற்பாடு செய்ய எனக்கு ஒரு வாரம் வேண்டும். டிக்கெட் போட்டபிறகு சொல்லாமல், போடுவதற்கு முன்னால் கேளுங்கள். ஜனவரியில் மாமியார் இருப்பார்.